ஏற்றம் ஏறத் தெரியாத வண்டி போட்ட பாதை

சிங்கப்பூரிலேயே உயரமான குன்று புக்கிட் தீமா. எவ்வளவு உயரம் தெரியுமா? 163 மீட்டர்தான். கேட்டால் நம் ஊர்ப் பரங்கிமலைகூடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். ஆனாலும் அந்தக் குன்றைச் சுற்றியுள்ள தெருக்களில் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். ஏறுவதும் இறங்குவதுமாகத் தொடை வலி பின்னிவிடும்.

ஆனால் அதே குன்றின் அடிவாரத்தை ஒட்டி இன்னொரு பாதை போகிறது. அதில் கியர் மாற்றும் வேலையே கிடையாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மூச்சு வாங்காமல் ஓட்டிக்கொண்டு போகலாம். குன்று அப்படியேதான் இருக்கிறது, சைக்கிளும் அதேதான். பாதைக்கு மட்டும் என்ன ஆயிற்று?

அது ஒருகாலத்தில் ரயில் ஓடிய பாதை. வடக்கே உட்லண்ட்ஸ் பக்கத்திலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் வரை சுமார் 24 கிலோமீட்டர். இன்று பெரும்பாலும் தண்டவாளம் இல்லை, ரயிலும் இல்லை. மண்ணும் சரளையும் இறுக்கிப் போட்ட நடைபாதையாக, சைக்கிள் பாதையாகக் கிடக்கிறது. 'ரயில் காரிடார்' என்று பெயர். சமமாக இருப்பது தற்செயல் அல்ல. காரணம் ரயிலின் ஒரு பலவீனம்: அதற்கு ஏற்றம் ஏற வராது.

இதைக் கேட்டதும் என் அக்கா மகள் சண்டைக்கு வந்துவிட்டாள். "போங்க மாமா! ரயில் எவ்வளவு பலசாலி, அதுக்கா ஏற முடியாது?" நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரயிலின் சக்கரம் எஃகு, தண்டவாளமும் எஃகு. கெட்டியான பொருளின் மேல் கெட்டியான பொருள் உருளும்போது இரண்டும் நசுங்குவது மிகக் குறைவு. ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தின் பரப்பு உங்கள் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதனால் உருளும்போது வீணாகும் ஆற்றலும் சொற்பம். சமதரையில் ஒரு டன் எடையுள்ள ரயிலை உருட்டிக்கொண்டே போக, சுமார் 2 கிலோ எடையைத் தூக்கத் தேவையான விசை போதும். 500 டன் ரயிலுக்கு? 1000 கிலோ, அதாவது ஒரு டன். ஐந்நூறு டன்னை ஒரு டன் விசையால் இழுத்துவிடலாம்! ரயில் இவ்வளவு சிக்கனமான வண்டியாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

இப்போது பாதையைக் கொஞ்சம் சாய்ப்போம். 100 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் ஏற்றம். கண்ணால் பார்த்தால் சமதரை என்றே சொல்வீர்கள். ஆனால் அந்தச் சாய்வில் ரயிலின் எடையில் நூற்றில் ஒரு பங்கு அதைப் பின்னோக்கி இழுக்கும். 500 டன்னில் நூற்றில் ஒரு பங்கு 5 டன். ஏற்கெனவே உருட்டத் தேவைப்பட்ட 1 டன்னையும் சேர்த்தால் 6 டன். கண்ணுக்கே தெரியாத ஏற்றம், இழுக்க வேண்டிய விசையை ஆறு மடங்காக்கிவிட்டது!

"பெரிய இன்ஜினாப் போட்டுட்டா?" என்று அடுத்த கேள்வி வந்தது. அங்கேதான் அதே எஃகு காலை வாரும். இன்ஜின் ரயிலை இழுப்பது தண்டவாளத்தை உதைத்துத்தான். நீங்கள் நடக்கும்போது தரையைப் பின்னால் தள்ளுகிறீர்கள் இல்லையா, அதேபோல. உதைக்கப் பிடிமானம் வேண்டும். எஃகின் மேல் எஃகுக்குப் பிடிமானம் குறைவு. 80 டன் இன்ஜின் காய்ந்த தண்டவாளத்தில் ஏறத்தாழ அதன் எடையில் கால் பங்கு, அதாவது 20 டன் அளவுக்குத்தான் இழுக்க முடியும். அதற்குமேல் முறுக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மழை பெய்தாலோ, உதிர்ந்த இலை நசுங்கித் தண்டவாளத்தில் பசைபோல ஒட்டினாலோ, அந்த 20 டன்னில் பாதிகூடத் தேறாமல் போகலாம். இதற்காகவே ரயில் இன்ஜின்களில் மணல் பெட்டி இருக்கும். சக்கரம் வழுக்கும்போது டிரைவர் ஒரு சுவிட்சைத் தட்டினால், குழாய் வழியே மணல் வந்து சக்கரத்துக்கு முன்னால் விழும். பல்லாயிரம் குதிரைத்திறன் உள்ள இன்ஜினைக் காப்பாற்றுவது ஒரு கைப்பிடி மணல்!

ஆக, எளிதாக உருள்வதற்கு எது உதவுகிறதோ அதுவே ஏற விடாமலும் தடுக்கிறது. ரயில் பொறியாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு ரொம்ப நேர்மையானது. வண்டியை மாற்ற முடியாதா, சரி, பூமியை மாற்று! மேடு வந்தால் வெட்டு. வெட்டிய மண்ணைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டி மேடாக்கு. இரண்டுக்கும் கணக்குச் சரியாக வந்தால் வெளியிலிருந்து மண் வாங்கவும் வேண்டாம், மிஞ்சியதைக் கொட்ட இடம் தேடவும் வேண்டாம். புக்கிட் தீமா குன்றின் ஓரமாகப் போகும்போது இரண்டு பக்கமும் சரிவுகள் உயர்ந்து, நீங்கள் ஓர் ஓடைக்குள் போவதுபோல இருக்கும் இடங்கள் வரும். அங்கே மேடு வெட்டப்பட்டிருக்கிறது. சற்றுத் தள்ளி, பக்கத்து நிலம் தாழ்ந்து, நீங்கள் மட்டும் வரப்பின் மேல் போவதுபோல இருந்தால் அது கொட்டி உயர்த்திய இடம். மரமும் கொடியும் மூடியிருப்பதால் பலர் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். நீங்கள் கவனியுங்கள்.

உங்கள் சைக்கிளுக்கும் இதே கணக்கைப் போடலாம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்று ஏற்றத்தில் உங்களைப் பின்னால் இழுப்பது 400 கிராம். பரவாயில்லை, சமாளிக்கலாம். தெருவில் பத்துக்கு ஒன்று ஏற்றம் வந்தால்? 4 கிலோ! அப்போதுதான் இறங்கித் தள்ளத் தோன்றும். ரயிலால் முடியாததை மனதில் வைத்துச் செதுக்கிய பாதை என்பதால், உங்களுக்கு வரவேண்டிய அந்த 4 கிலோவை யாரோ நூறு ஆண்டுக்கு முன்பே மண்வெட்டியால் அள்ளிப் போட்டுவிட்டார்கள்.

அந்த 'யாரோ'வில் நம் ஆட்கள் நிறையப் பேர். மலாயாவில் ரயில் பாதை போடவும், போட்டதைப் பராமரிக்கவும் தென்னிந்தியாவிலிருந்து போன தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சிங்கப்பூரில் குவீன்ஸ்வே பகுதியில் ரயில்வே தொழிலாளர்கள் 1932-இல் முனீஸ்வரனுக்கு ஒரு சிறு கோயில் வைத்தார்கள். இன்று அது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்கிறது. ரயில் பாதையிலிருந்து கொஞ்ச தூரம்தான்.

வரலாற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூருக்குள் முதல் ரயில் பாதை 1903-இல் வந்தது. அப்போது அது நகரத்துக்குள் நுழைந்து டேங்க் ரோடு வரை போனது. செட்டியார்கள் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறதே, அந்தச் சாலைதான். வடக்கு முனையில் கடல் குறுக்கிட்டதால் மலாயாவுக்குப் படகில்தான் போக வேண்டியிருந்தது. 1923-இல் கடல் மேல் பாலச்சாலை போட்டு ரயில் நேராகவே போனது. நகரம் வளர்ந்து ரயிலும் சாலையும் ஒன்றையொன்று மறிக்கத் தொடங்கியதும், பாதையை மேற்கே தள்ளி வளைத்து 1932-இல் தஞ்சோங் பகாரில் புது நிலையம் திறந்தார்கள். அதன் முகப்பில் விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பெரிய சிலைகள் இன்றும் நிற்கின்றன.

இங்கே ஒரு வேடிக்கை. சிங்கப்பூர் 1965-இல் தனி நாடானது. ஆனால் ரயிலும் நிலையமும் பாதையும் மலேசிய ரயில்வேயிடமே இருந்தன. ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் ரயில்வே, நீளமான நாடாவைப்போல நடுவே கிடந்தது! 1998 முதல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை வடக்கே உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசிய அதிகாரிகளோ தஞ்சோங் பகாரிலேயே இருந்தார்கள். அதனால் பயணிகள் முதலில் மலேசியாவுக்குள் 'நுழைந்துவிட்டு', பிறகு அரை மணி நேரம் ரயிலில் போய்ச் சிங்கப்பூரைவிட்டு 'வெளியேறினார்கள்'. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் கிளம்பியது. அதை ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தான். மறுநாள் நிலம் சிங்கப்பூர் கைக்கு வந்தது. தண்டவாளத்தில் பெரும்பகுதியைக் கழற்றி மலேசியாவுக்கே அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பழைய கூத்தினால் ஒரு நன்மை விளைந்தது என்பது என் எண்ணம். தீவு முழுவதும் அடுக்குமாடிகளும் விரைவுச்சாலைகளும் எழுந்தபோது, இந்த ஒரு நாடாவில் மட்டும் யாரும் கட்டடம் கட்டவில்லை. ஓரங்களில் மரங்கள் தாமாக முளைத்தன. பறவை எச்சத்திலும் காற்றிலும் வந்த விதைகள், பழைய தோட்டங்களில் இருந்து மிஞ்சிய மரங்கள், வெளிநாட்டிலிருந்து வந்து வேகமாக வளரும் அல்பீசியா என்று ஒரு கலவைக் காடு. அல்பீசியாவைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. சீக்கிரம் உயரும் மரம், கட்டை மெலிசு, பலத்த காற்றில் கிளை ஒடியும். மழைக்கு அதன் கீழே ஒதுங்காதீர்கள்.

விலங்குகளுக்கு இந்த நாடா ஒரு சாலை. நகரத்தில் காடுகள் தீவுகள்போலச் சிதறிக் கிடக்கும். ஒரு சிறு காட்டில் மாட்டிக்கொண்ட பிராணிகளுக்கு உணவும் குறைவு, இணை தேடும் வாய்ப்பும் குறைவு. இரண்டு காடுகளை ஒரு மரவரிசை இணைத்துவிட்டால் அவை போய் வரும். உடும்பு, நீள்வால் குரங்கு, இருவாச்சி எல்லாம் இந்தப் பாதையோரம் கண்ணில் படக்கூடியவை. வைக்கோல் நிறத் தலையுடைய ஒரு கொண்டைக்குருவி இனம் உண்டு. அதன் பாட்டு அவ்வளவு இனிமை, அதனாலேயே பல நாடுகளில் பிடித்துக் கூண்டில் அடைத்து ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். 2018 முதல் உலக அளவில் மிக ஆபத்தான நிலையிலுள்ள பறவைகளின் பட்டியலில் அது இருக்கிறது. சிங்கப்பூரில்தான் இன்னும் ஓரளவு பத்திரமாக வாழ்கிறது.

சரி, சைக்கிளுக்குத் திரும்புவோம். ஹில்வியூ பக்கத்திலிருந்து தெற்கே வந்தால் ஓர் இரும்புப் பாலம். கொஞ்ச தூரம் போய் இன்னொன்று. இந்த இரண்டாவது பாலம் 1932-இல் பாதையை மாற்றியபோது எழுந்தது, புக்கிட் தீமா சாலைக்கு மேலாகத் தாண்டுகிறது. இரண்டிலும் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். இடம் குறுகல், நடப்பவர்கள் அதிகம். அதைவிட முக்கியம், மெதுவாகப் போனால்தான் பாலத்தின் பக்கவாட்டைப் பார்க்க முடியும். எங்கே பார்த்தாலும் முக்கோணம்! ஐஸ் குச்சிகள் நான்கை மூலையில் குண்டூசி குத்திச் சதுரமாக இணைத்து அழுத்திப் பாருங்கள், சாய்ந்து சப்பையாகிவிடும். மூன்றை இணைத்து முக்கோணமாக்கினால் அசையாது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாறாது. குறைந்த இரும்பில் நிறைய பாரம் தாங்க வைக்கும் தந்திரம் இது. ரயிலின் பாரத்துக்காகக் கட்டியது, இன்று உங்கள் 40 கிலோவை உணரக்கூட உணராது.

பாலத்தைத் தாண்டியதும் புக்கிட் தீமா ரயில் நிலையம். சின்னஞ்சிறு செங்கல் கட்டடம். முழுப் பாதையிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இங்கே கொஞ்சம் தண்டவாளத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் இடைவெளி, நம் ஊரில் முன்பு ஓடிய மீட்டர் கேஜ் ரயிலின் அதே அளவு. இருந்தது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் விலகிக்கொள்ள இந்த நிலையத்தில் இரட்டைத் தடம். அப்படியென்றால் ஒற்றைத் தடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் போகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. டோக்கன்தான்.

பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் இரண்டிலும் ஆளுக்கொரு டோக்கன் இயந்திரம். இரண்டையும் மின்கம்பி இணைக்கிறது. ஒரு நிலையத்து இயந்திரத்திலிருந்து ஒரு டோக்கன் வெளியே வந்துவிட்டால் இரண்டு இயந்திரங்களும் பூட்டிக்கொள்ளும். வெளியே போன டோக்கனை இரண்டில் ஏதாவது ஓர் இயந்திரத்தில் திரும்பப் போடும்வரை அடுத்தது வராது. கையில் டோக்கன் இருக்கும் ரயில் மட்டுமே அந்தத் தடத்தில் நுழையலாம். ஆக, நடுத்தடத்தில் எப்போதும் ஒரே ஒரு ரயில்! ரயில் நிற்காமல் போகும்போது டோக்கனை எப்படிக் கொடுப்பது? பெரிய வளையம் ஒன்றில் அதை மாட்டி நிலையத்தார் தூக்கிப் பிடிப்பார். டிரைவர் கையை நீட்டி வளையத்துக்குள் நுழைத்து வாங்கிக்கொள்வார். ரயில் நின்றுபோகும்வரை இங்கே இந்த வழக்கம் இருந்தது. இந்திய ரயில்வேயிலும் வெகுகாலம் நடந்த முறைதான், உங்கள் தாத்தாவிடம் கேட்டால் ஒருவேளை பார்த்த கதை சொல்வார்.

நிலையத்தைவிட்டுக் கிளம்பினால் பாதை நேர்கோடும், பெரிய பெரிய நிதானமான வளைவுகளுமாகப் போகும். சட்டென்ற திருப்பமே கிடையாது. இதுவும் ரயிலின் இன்னொரு பலவீனம்தான். ரயிலில் ஸ்டியரிங் இல்லை, பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்தின் வடிவமே அதைத் திருப்புகிறது. வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு காகித டீ கப்புகளை வாயோடு வாய் வைத்து டேப் ஒட்டுங்கள். நடுவில் பருத்து ஓரங்களில் ஒடுங்கிய உருளை கிடைக்கும். இரண்டு நீளக் குச்சிகளைத் தண்டவாளம்போல இணையாக, லேசாகச் சாய்த்து வைத்து உருட்டிவிடுங்கள். கோணலாக வைத்தாலும் அது தானாக நடுவுக்கு வந்து நேராகப் போகும். இப்போது கப்புகளின் அடிப்பாகங்களைச் சேர்த்து ஒட்டி உருட்டுங்கள், உடனே தடம் புரளும்.

காரணம் இதுதான். முதல் உருளை வலது பக்கம் நகர்ந்தால், வலது குச்சியின் மேல் பருத்த பகுதி வந்து நிற்கும். பருத்த பகுதி ஒரு சுற்றில் அதிக தூரம் உருளும். அதனால் வலது பக்கம் முந்திக்கொள்ள, உருளை இடப்பக்கம் திரும்பி நடுவுக்கு வந்துவிடும். ரயில் சக்கரங்களையும் இப்படித்தான் லேசான கூம்பு வடிவில் கடைகிறார்கள். கூம்பின் சரிவு மிகக் குறைவு என்பதால் அகலமான வளைவுகளில்தான் இந்த வித்தை பலிக்கும். திருப்பம் இறுகினால் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் உரசிக் கிறீச்சிடும். அதனால் பொறியாளர்கள் வளைவைத் தாராளமாகப் போட்டார்கள். பிரேக் பிடிக்காமல் அதில் நீங்கள் சாய்ந்து போகிறீர்கள்.

இந்த இரண்டு குணங்களையும் தெரிந்துகொண்டால், எந்த நகரத்து வரைபடத்திலும் செத்துப்போன ரயில் பாதையைத் துப்பறியலாம். தெருக்கள் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும்போது, எதையும் மதிக்காமல் மெல்ல வளைந்து போகும் ஒரு பச்சைக் கோடு. வீடுகள் அதற்கு முதுகைக் காட்டி நிற்கும், வாசலை வைக்காது. நடைபாதைக்குத் தேவையே இல்லாத அளவுக்குத் தடித்த பாலம் இருக்கும். சில நேரம் பெயர் காட்டிக்கொடுக்கும்: சிங்கப்பூரில் 'டாங்ளின் ஹால்ட்' என்று ஒரு குடியிருப்பு உண்டு, ரயில் நின்று போன சிறு நிறுத்தத்தின் பெயர் அது.

போகிற பாதையில் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். நடப்பவர்களை நெருங்கும்போது மணி அடித்து வேகம் குறையுங்கள். மழைக்குப் பிறகு சில இடங்கள் சேறாகிவிடும். பராமரிப்புக்காகச் சில பகுதிகளை அவ்வப்போது மூடுவதும் உண்டு, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்கத் தார் போட்டுவிட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சரளை மண் மழைநீரை உள்ளே விடும், வெயிலில் தார்போலக் கொதிக்காது, சைக்கிளும் பறக்காமல் இருக்கும்.

கடைசியாக ஒரு புதிர். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்திலும் பழைய ரயில் பாதைகள் சைக்கிள் பாதைகளாகியிருக்கின்றன. அதில் ஒன்று 1831-இல் நிலக்கரி கொண்டுவருவதற்காகத் திறந்தது. நீராவி இன்ஜின் அல்ல, குதிரைகள்தான் வண்டிகளை இழுத்தன. நகரத்தை அடையும் இடத்தில் சுமார் 520 மீட்டர் நீளச் சுரங்கம், அதற்குள் 30 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம்! குதிரைக்கு அது ஆகாத காரியம். மேலே ஒரே இடத்தில் நிற்கும் நீராவி இயந்திரம் வைத்து, கயிறு கட்டி வண்டிகளை இழுத்தார்கள். சக்கரத்தின் பிடிமானத்தை நம்பவே இல்லை, பார்த்தீர்களா? இன்று அந்தச் சுரங்கத்துக்குள் சைக்கிள் போகிறது.

கேள்வி 1: சுரங்கத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறியிருப்பீர்கள்?

கேள்வி 2: 40 கிலோ எடையோடு ஏறும்போது உங்களைப் பின்னால் இழுக்கும் விசை எத்தனை கிலோவுக்குச் சமம்?

விடை: சுமார் 17 மீட்டர், ஏறத்தாழ ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம். இழுக்கும் விசை 1 கிலோ 300 கிராமுக்குச் சற்று அதிகம். நகரத்திலிருந்து வெளியே போகும்போது மிதிக்கவே வேண்டாம், அந்தக் கணக்கு திரும்பி வரும்போதுதான் கேட்கும்.